போத்தனூரில் சாப்பிட்ட ஜாம் கறி

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, டொரண்டோவில் படிக்கும் பேரன் வீடியோவில் வந்தான். "தாத்தா, இன்னைக்கு நானே சமைச்சது, பாருங்க" என்று போனை அடுப்புப் பக்கம் திருப்பினான். வாணலியில் எலும்போடு வெட்டிய நான்கு பன்றிக்கறித் துண்டுகள். மேலே ஆப்பிள் சாறும் தேனும் வினிகரும் சேர்த்துக் காய்ச்சிய பாகு, வார்னிஷ் அடித்த மாதிரி மினுங்கிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்தார். "கறி மேல ஜாமைத் தடவி வெச்சிருக்கானுங்க. இதெல்லாம் எந்த ஊருப் பழக்கமோ" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

எந்த ஊர்ப் பழக்கம்? நம்ம போத்தனூர்ப் பழக்கம்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு, இதை நாலு வார்த்தையில் சொல்ல முடியாது, எழுதித்தான் ஆக வேண்டும் என்று தோன்றியது. அறுபது வருஷத்துக்கு முன்னால் நான் தின்ற கறி அது. அதைப் பற்றி வீட்டில் இதுவரை யாரிடமும் நான் வாய் திறந்ததில்லை.

என் அய்யன் போத்தனூர் ரயில்வே சிக்னல் பட்டறையில் வேலை பார்த்தவர். நான் பத்து வயது வரைக்கும் என்ன, பதினாறு வயது வரைக்கும் ரயில்வே குவார்ட்டர்ஸில்தான் வளர்ந்தேன். இன்றைக்கு போத்தனூர் என்றால் கோவையின் ஒரு மூலை என்று நினைக்கிறார்கள். ரயிலின் கணக்கில் பார்த்தால் கோவைக்கு மூத்தது போத்தனூர். சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரையில் பேப்பூர் வரைக்கும் மெட்ராஸ் ரயில்வே கம்பெனி போட்ட பாதை 1862-ல் போத்தனூர் வழியாகப் போனது. கோயமுத்தூர் ஊருக்குள் ரயில் வரவில்லை. அதற்கு 11 வருஷம் கழித்து, 1873-ல் போத்தனூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குக் கிளைப்பாதை போட்டபோதுதான் கோயமுத்தூருக்கு ஸ்டேஷன் கிடைத்தது. அதுவரை கோவைக்காரர்கள் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு போத்தனூருக்குப் போய்த்தான் ரயில் ஏறினார்கள்.

ரயில் வந்ததும் ரயிலை ஓட்டுகிறவர்களும் வந்தார்கள். டிரைவர், கார்டு, ஃபோர்மேன், தந்தி ஆபீஸ் என்று பொறுப்பான வேலைகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பெரும்பாலும் ஆங்கிலோ இந்தியர்களை வைத்தன. தகப்பன் வழியில் ஐரோப்பிய ரத்தம், பிறந்து வளர்ந்தது இந்தியா. நம் அரசியல் சாசனம் 366-ஆவது பிரிவில் அவர்கள் யார் என்று விளக்கமே எழுதி வைத்திருக்கிறது. ஜோலார்பேட்டை, அரக்கோணம், பொன்மலை மாதிரியே போத்தனூரிலும் அவர்களுக்கு ஒரு காலனி உருவானது. ஓடு வேய்ந்த வீடுகள், முன்னால் ரோஜாத் தொட்டி, வராந்தாவில் பிரம்பு நாற்காலி. டிசம்பர் பிறந்தால் இன்ஸ்டிடியூட்டில் நடனம், தெருவெல்லாம் கேக் வாசனை.

எங்கள் லைனுக்கு அடுத்த லைனில் ஒரு மெயில் டிரைவர் குடும்பம். அவரை நாங்கள் அங்கிள் என்போம், அவர் மனைவியை ஆன்ட்டி. ஆன்ட்டி பேசுகிற தமிழ் ஒரு தினுசாக இருக்கும். என் அம்மாவை "அம்மணி" என்று கொங்கு முறையில் கூப்பிட்டுவிட்டு, அடுத்த வார்த்தையை இங்கிலீஷில் முடிப்பார். அவர்கள் மகனும் நானும் ஒரே வயது. 1961 கிறிஸ்துமஸ் அன்றைக்கு மத்தியானம் அவர்கள் சாப்பாட்டு மேஜையில் எனக்கும் ஒரு தட்டு வைத்தார்கள். தட்டில் ஒரு சாப்ஸ். கருஞ்சிவப்பாக, ஓரம் லேசாகக் கருகி, மேலே பிசுபிசுவென்று பாகு. வாயில் வைத்தால் முதலில் இனிப்பு, உடனே புளிப்பு, அப்புறம் மிளகுக் காரம். கொழுப்பு நாக்கில் கரைந்தது. இது என்ன என்று கேட்டேன். "போர்க், மை சன். குன்னூர் பிளம் ஜாம் போட்டது" என்றார் ஆன்ட்டி.

எனக்குப் பகீரென்றது. காரணம், அம்மா போட்டிருந்த சட்டம். "அவுங்க ஊட்டுல கேக்கு தின்னு, தண்ணி குடி. கறிய மட்டும் வாயில வெச்சே, ஊட்டுக்குள்ள கால் வெக்க முடியாது" என்பார். நான் அந்தத் துண்டை முழுக்கத் தின்றுவிட்டு, கையை மூன்று தரம் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பன்றிக்கறி எங்கள் வம்சத்துக்குப் புதிதல்ல. காங்கயம் பக்கம் என் அப்புச்சி ஊரில் கருப்பண்ணசாமிக்கு நேர்ந்துவிட்ட பன்றியைக் குத்துவார்கள். அன்றைக்கு ஆண்கள்தான் சமையல். தோட்டத்து வேலி ஓரம் மூன்று கல் கூட்டி, மண்சட்டியில் சின்ன வெங்காயம், வரமிளகாய், மஞ்சள், தேங்காய்ச் சில்லு போட்டு வேகவைப்பார்கள். அங்கேயே இலை போட்டுச் சாப்பிட்டு, அங்கேயே கை கழுவி, குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வரவேண்டும். சட்டி வீட்டு வாசலைத் தாண்டாது. அம்மாயி அந்தப் பக்கமே வரமாட்டார். மறுநாள் அதைப் பற்றி யாரும் பேசவும் மாட்டார்கள். கொங்குச் சீமையில் இப்படி எத்தனையோ குடும்பங்கள் உண்டு. தின்பார்கள், தின்றதாகச் சொல்லமாட்டார்கள்.

வேலி ஓரம் ஒளித்துத் தின்ற அதே கறியை ஆன்ட்டி வீட்டில் வெள்ளைத் துணி விரித்த மேஜையில் வைத்து, ஜெபம் சொல்லிவிட்டுச் சாப்பிட்டார்கள். அந்த வயதில் அது எனக்குப் புரியாத புதிர். பிற்காலத்தில் வங்கி வேலைக்குப் போய், ஓய்வும் பெற்று, நூலகத்தில் உட்கார்ந்து படிக்க நேரம் கிடைத்தபோதுதான் இந்தச் சாப்ஸின் கதையைத் துண்டு துண்டாகச் சேர்த்துப் பார்த்தேன்.

முதலில் அந்தப் பழம். குன்னூர் பிளம்ஸ் நம் மலைக்குத் தானாக வந்ததல்ல. அதைத் தொடங்கி வைத்தது கோயமுத்தூர் கலெக்டர். ஜான் சல்லிவன் 1819-ல் மலையேறினார். கோத்தகிரி பக்கம் கண்ணேரிமுக்கில் முதல் பங்களா, பிறகு உதகையில் கல் பங்களா என்று கட்டினார். அவரும் அவர் தோட்டக்காரரும் ஐரோப்பியக் காய்கறிகளையும் பழமரங்களையும் அங்கே நட்டுப் பார்த்தார்கள். அன்றைக்கு நீலகிரி தனி ஜில்லா அல்ல. கொஞ்ச காலம் ஒரு பகுதி மலபாருக்குப் போய் வந்தது போக, 1868 வரைக்கும் கோயமுத்தூர் ஜில்லாவைச் சேர்ந்த மலைதான்.

அதன் பிறகு மலையே ஒரு பழத்தோட்டமாக மாறியது. 1848-ல் மெக்ஐவர் உதகை தாவரவியல் பூங்காவை உருவாக்க ஆரம்பித்தார். 1874-ல் குன்னூர் சிம்ஸ் பூங்கா. மலையடிவாரத்தில் கல்லாறு, பாதி வழியில் பர்லியாறு, இரண்டிலும் சர்க்கார் பழப்பண்ணை. அங்கே மங்குஸ்தானும் ஜாதிக்காயும் இன்றைக்கும் விளைகின்றன. 1920-ல் குன்னூரில் பழவியல் நிலையம் ஏற்பட்டது. பிளம்ஸ், பீச், பேரி என்று குளிர்ப்பிரதேசப் பழங்கள் நம் மலையில் வேரூன்றின. நம் வயதுக்காரர்களுக்கு மே மாதம் சிம்ஸ் பூங்காப் பழக்கண்காட்சி நினைவிருக்கும்.

பழம் மலையில் விளைந்தால் போதுமா? கீழே வர வேண்டுமே. 1899-ல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு மலை ரயில் ஓடியது. 1908-ல் உதகை வரைக்கும் நீண்டது. மலை ரயில் மேட்டுப்பாளையத்தில் இறக்கும், மேட்டுப்பாளையம் பாதை போத்தனூரில் வந்து முடியும். ரயில்வே காலனிக்காரர்களுக்கு இதைவிட வசதி என்ன வேண்டும்? மே, ஜூனில் மேட்டுப்பாளையம் போய்வரும் கார்டு யாராவது ஒரு கூடை பிளம்ஸ் கொண்டுவந்து போடுவார். ஆன்ட்டி அதைச் சர்க்கரை போட்டுக் காய்ச்சி, வாயகன்ற பாட்டில்களில் ஊற்றி, மேலே மெழுகு உருக்கி அடைத்து வைப்பார். ஜூனில் அடைத்த பாட்டில் டிசம்பரில் திறக்கும். கிறிஸ்துமஸில் பிளம்ஸ் கிடைக்காது, ஜாம்தான் கிடைக்கும். அதனால்தான் அது ஜாம் கறி ஆயிற்று.

அடுத்தது, கறியோடு பழத்தைச் சேர்க்கிற புத்தி. இது இங்கிலீஷ்காரன் வழி. அங்கே இலையுதிர் காலத்தில் ஆப்பிள் உதிரும், பன்றியும் கொழுத்து அறுப்புக்குத் தயாராகும். அதனால் பன்றி வறுவலுக்கு ஆப்பிள் மசியல் தொட்டுக்கொள்வது அவர்களுக்குச் சம்பிரதாயம். அங்கிருந்து வந்தவர்கள் இங்கே ஆப்பிளுக்குப் பதில் கையில் கிடைத்த பிளம்ஸைப் போட்டார்கள். மிளகும் கிராம்பும் வரமிளகாயும் நம் அங்காடிச் சரக்கு. வினிகர் போர்த்துக்கீசியர் வழி. ஒயினிலும் பூண்டிலும் கறியை ஊறவைக்கிற அவர்கள் முறைதான் கோவாவில் வினிகரும் மிளகாயும் சேர்ந்து விந்தாலு ஆனது. ஆக ஆன்ட்டியின் தட்டில் இங்கிலாந்தும் போர்த்துக்கலும் குன்னூரும் கலந்திருந்தன.

சாப்ஸ் என்ற சொல்லும் அந்த வழியில் வந்ததுதான். எலும்போடு ஒரு வெட்டாக வெட்டியது என்று அர்த்தம். நம் மிலிட்டரி ஓட்டல்களில் 'மட்டன் சாப்ஸ்' என்று எழுதி வைத்திருப்பதை நாம் தமிழ்ச் சொல்லாகவே எடுத்துக்கொண்டோம். பன்றிக்கு மட்டும் அந்த மரியாதையைக் கொடுக்கவில்லை.

பன்றிக் கொழுப்புக்குப் புளிப்பு வேண்டும் என்பதை வெள்ளைக்காரனிடம்தான் கற்க வேண்டும் என்றும் இல்லை. நமக்கு வடமேற்கே, மலைக்கு அந்தப் பக்கம் குடகு இருக்கிறது. அங்கே கல்யாணமோ பண்டிகையோ, 'பந்தி கறி' இல்லாமல் விருந்து கிடையாது. அதற்கு உயிர் கொடுப்பது கச்சம்புளி. குடம்புளிப் பழத்தின் சாற்றை வடியவிட்டு, கருப்பாகக் கெட்டியாகும் வரை காய்ச்சி எடுக்கிற வினிகர் அது. இலங்கையில் அதே இனத்துப் பழத்தைக் காயவைத்துப் பன்றிக்கறிக்குப் போடுகிறார்கள். ஆக, எங்கெல்லாம் பன்றி உண்டோ அங்கெல்லாம் பக்கத்தில் ஒரு புளிப்புப் பழமும் உண்டு.

புளிப்பு இருக்கட்டும், இனிப்பு? இதற்குப் பதில் எனக்குக் கிடைத்த இடம்தான் ஆச்சரியம். பெரியபுராணம். சிறு வயதில் கண்ணப்ப நாயனார் கதையை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம், கண்ணைப் பெயர்த்துக் கொடுத்ததோடு நிறுத்திவிடுவோம். சேக்கிழார் சமையலையும் விவரமாகச் சொல்கிறார். வேட்டையில் வீழ்த்திய பன்றியை அறுத்து, இறைச்சியை அம்பில் கோத்து நெருப்பில் வதக்கி, பதமாக வெந்ததா என்று தன் பல்லால் கடித்துப் பார்த்து, தேக்கிலைத் தொன்னையில் வைத்துக் காளத்திநாதருக்குப் படைக்கிறார் திண்ணனார். அடுத்த தரம் படைக்கும்போது இன்னும் ஒரு படி மேலே போகிறார். பன்றி, மான் முதலானவற்றின் இறைச்சியில் தேனைக் கலக்கிறார். முன்பைவிட இது நன்றாக இருக்கும், நானே சுவை பார்த்தேன், தேன் கலந்தது, தித்திக்கும் என்று சாமியிடமே சொல்கிறார். நெருப்பில் வாட்டிய பன்றி, மேலே தேன். பேரன் டொரண்டோவில் செய்ததற்கும் இதற்கும் அடிப்படையில் என்ன வித்தியாசம்? 12-ஆம் நூற்றாண்டில் எழுதிய நூல். சைவர்கள் பூஜை அறையில் வைத்துப் படிக்கிற நூல்.

அதற்கும் முன்னால் போனால் பத்துப்பாட்டில் பெரும்பாணாற்றுப்படை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது, பாட்டுடைத் தலைவன் தொண்டைமான் இளந்திரையன். பரிசில் பெறப் போகும் பாணனுக்கு வழியில் என்னென்ன சாப்பாடு கிடைக்கும் என்று சொல்லிக்கொண்டு வரும்போது, கள் காய்ச்சும் வீட்டில் வளர்த்த ஆண் பன்றியின் கொழுத்த கறி வருகிறது. அந்தப் பன்றியைப் பெண் பன்றிகளோடு சேரவிடாமல் குழியில் நிறுத்தி, நெல் மாவைத் தீனியாகப் போட்டுப் பல நாள் வளர்த்திருக்கிறார்கள். தெருவில் திரிந்த பன்றியல்ல, பண்ணைப் பன்றி. விருந்தாளிக்குப் பெருமையாகப் படைத்த கறி.

நம் கொங்குக் கதையிலும் பன்றிக்குச் சின்ன இடமில்லை. அண்ணன்மார் கதையை உடுக்கடித்துப் பாடக் கேட்டவர்களுக்குக் கொம்பன் என்ற காட்டுப்பன்றியைத் தெரியாமல் இருக்காது. சங்கர் அதை வேட்டையாடுகிற இடம் வந்தால் கூட்டம் எழுந்து நிற்கும். கோயிலில் பூவராகர் இருக்கிறார். பழைய பொன் நாணயத்துக்குப் பன்றிச் சின்னத்தால் வராகன் என்றே பேர். கும்பிட்டோம், மடியில் முடிந்து வைத்தோம், பாட்டில் பாடினோம். சட்டியை மட்டும் வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டோம்.

ஏன்? இதற்கு ஒரு நியாயமான காரணமும் ஒரு நியாயமில்லாத காரணமும் உண்டு.

நியாயமான காரணம், நாம் கண்ணால் பார்த்த பன்றி. சாக்கடையில் புரண்டு, கழிப்பிடத்தைச் சுற்றித் திரிந்த பன்றியைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அதைத் தின்னத் தோன்றாது. அந்த அருவருப்புக்குப் பின்னால் மருத்துவமும் உண்டு. மனிதக் கழிவைத் தின்ற பன்றியின் தசையில் நாடாப்புழுவின் கட்டிகள் இருக்கும். அரைவேக்காட்டுக் கறியைத் தின்றவன் வயிற்றில் புழு வளரும். அந்த ஆளின் கழிவில் வெளியேறும் முட்டை தண்ணீரிலோ பச்சைக் காய்கறியிலோ கலந்தால், அதைச் சாப்பிட்டவன் மூளையில் கட்டி உண்டாகி வலிப்பு வரலாம். அவன் சுத்த சைவமாக இருந்தாலும் வரும். அடைத்து வைத்து, தானியத் தீனி போட்டு, நன்றாக வேகவைத்தால் இந்தச் சங்கிலி அறுந்துவிடும். இன்றைக்குப் பண்ணைகளில் வளர்ப்பது யார்க்‌ஷயர் வெள்ளைப் பன்றி வகைகள். காட்டுப்பாக்கத்தில் நம் கால்நடைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையம் பல வருஷங்களாக இதில் வேலை செய்கிறது.

நியாயமில்லாத காரணத்தை நம் வயதுக்காரர்கள் ஒத்துக்கொள்ளத் தயங்குவோம். பன்றியை வளர்த்தவர்களை, அறுத்தவர்களை, வெளிப்படையாகத் தின்றவர்களை ஊர் ஒதுக்கி வைத்தது. அவர்கள் வரிசையில் நம் பேர் சேர்ந்துவிடக் கூடாது என்ற பயம்தான் சட்டியை வேலி ஓரம் நிறுத்தியது. அழுக்குக்காக ஒதுக்கினோம் என்றால், சுத்தமான பண்ணைக் கறி வந்த பிறகும் கருப்புப் பாலிதீன் பையில் சுருட்டி, அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு ஏன் வாங்கி வருகிறோம்? ஆட்டுக்கறியை யாரும் அப்படி வாங்குவதில்லையே.

இனி ஆன்ட்டி குடும்பத்துக்கு வருகிறேன். நாடு விடுதலை அடைந்தபோது ரயில்வே, தபால், தந்தி, சுங்கம் இந்த வேலைகளில் ஆங்கிலோ இந்தியர்களுக்கு இருந்த இட ஒதுக்கீட்டை அரசியல் சாசனத்தின் 336-ஆவது பிரிவு உடனே வெட்டிவிடவில்லை. முதல் இரண்டு வருஷம் பழையபடி, பிறகு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பத்து சதவீதம் குறைத்து, பத்து வருஷத்தில் முடித்துக்கொள்வது என்று ஏற்பாடு. 1960-ல் அது முடிந்தது. சட்டசபையிலும் பார்லிமெண்டிலும் இருந்த நியமன இடங்கள் மட்டும் 2020 ஜனவரி வரைக்கும் நீடித்தன. மகனுக்கு ரயில்வே வேலை நிச்சயம் என்ற காலம் போனதும், இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, கனடா என்று குடும்பம் குடும்பமாகக் கிளம்பினார்கள். போத்தனூர் காலனியில் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் விளக்கெரியாத வீடுகள் கூடிக்கொண்டே போயின.

அங்கிள் குடும்பம் 1968-ல் ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பியது. நான் அப்போது பி.யு.சி. சாமான்களை ஏலம் போட்டார்கள். ஆன்ட்டி எங்கள் வீட்டுக்கு வந்து, ஒரு அடிகனமான இரும்பு வாணலியை அம்மா கையில் கொடுத்து, கொஞ்ச நேரம் அழுதார். அம்மாவும் அழுதார். பக்கத்து வீட்டுச் சிநேகம், அழத்தானே செய்வார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அம்மா அந்த வாணலியைப் பரண்மேல் போட்டுவிட்டார்.

இருபத்தைந்து வருஷம் கழித்து, 1993-ல், அம்மா இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையில் இருந்தார். சாப்பாடு இறங்கவில்லை. "என்னம்மா வேணும், சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். ஒரு நாள் மெதுவாகச் சொன்னார்.

"டிரைவரூட்டுக்காரி வெப்பாளே, ஜாம் கறி. அது ஒரு துண்டு இருந்தா நல்லாருக்கும் கண்ணு."

நான் திகைத்துப் போனேன். "உங்களுக்கு எப்படிம்மா அது தெரியும்?"

"உங்கய்யன் வேலைக்குப் போன பொறவு பொறக்கடை வழியாக் கூப்புட்டுக் குடுப்பா. அவ அடுப்படியிலேயே நின்னு தின்னுட்டு, வாய் கொப்புளிச்சிட்டு வந்துருவேன். அஞ்சாறு வருசம்."

"அய்யனுக்குத் தெரியுமா?"

"தெரியாது. தெரிஞ்சிருந்தாலும் அவரு ஒண்ணுஞ் சொல்லியிருக்க மாட்டாரு. எனக்குத்தான் தெகிரியமில்ல."

நானும் தின்றிருக்கிறேன் என்று அப்போதுதான் சொன்னேன். அம்மா சிரித்த சிரிப்பை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. ஒரே வீட்டில் இருந்த இரண்டு பேர், ஒரே வீட்டில் ஒரே கறியை, ஒருவருக்கொருவர் தெரியாமல் ஒளித்துத் தின்றிருக்கிறோம்.

இதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. அந்தக் கறியை நான் அம்மாவுக்குச் செய்து கொடுக்கவில்லை. கறி எங்கே கிடைக்கும் என்று தெரிந்திருந்தது. வாணலி பரணில் இருந்தது. வீட்டில் என்ன சொல்வார்களோ, கீழ்வீட்டுக்காரர்களுக்கு வாசனை போகுமோ, அடுத்த ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன். மூன்று மாதத்தில் அம்மா போய்விட்டார். தெகிரியம் இல்லாதது அம்மாவுக்கு மட்டுமில்லை.

பேரனுடைய வாணலியைப் பார்த்த மறுவாரம், பரணிலிருந்து அந்த இரும்பு வாணலியை இறக்கினேன். துருவைத் தேய்த்து, எண்ணெய் பூசிக் காய்ச்சி எடுத்தேன். ஆன்ட்டி செய்த முறை எனக்கு நினைவிருக்கிற வரைக்கும், என் கை அளவோடு எழுதுகிறேன். செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு உதவும்.

நாலு சாப்ஸ், ஒவ்வொன்றும் கட்டைவிரல் கனம். ஓரத்துக் கொழுப்பை முழுக்க எடுத்துவிட வேண்டாம், இரண்டு இடத்தில் கீறிவிட்டால் சுருளாது. உப்பு, இடித்த மிளகு, இஞ்சிப்பூண்டு விழுது, ஒரு ஸ்பூன் வினிகர் பூசி இரண்டு மணி நேரம் ஊற வேண்டும். அடிகனமான வாணலியில் கொஞ்சம் எண்ணெய் விட்டு இரண்டு பக்கமும் நிறம் மாறும்வரை வாட்டி, அரை டம்ளர் தண்ணீர் ஊற்றி மூடி, சின்னத் தீயில் முக்கால் மணி நேரம். உள்ளே கொஞ்சமும் சிவப்பு இருக்கக் கூடாது. அவசரப்படாதீர்கள், காரணம் மேலே சொல்லியிருக்கிறேன்.

பாகுக்கு, கால் கிலோ பிளம்ஸைக் கொட்டை நீக்கி வேகவைத்து மசித்து வடிகட்டி, மூன்று ஸ்பூன் நாட்டுச்சர்க்கரை, ஒரு ஸ்பூன் வினிகர், இரண்டு கிராம்பு, கால் ஸ்பூன் மிளகாய்த்தூள் சேர்த்துக் காய்ச்சவும். நான் போட்டது கவுந்தப்பாடிச் சர்க்கரை. பழனி பஞ்சாமிர்தத்துக்குப் போவதும் அதுதான். பிளம்ஸ் இல்லாத மாதத்தில் ஜாம் இரண்டு கரண்டி, அல்லது அன்னாசிச் சாறு. பிளம்ஸிலும் ஆப்பிளிலும் பெக்டின் என்ற பசை இயற்கையாகவே உண்டு, அதனால்தான் கறிமேல் ஒட்டிப் பளபளக்கிறது. அன்னாசியில் அது குறைவு, கொஞ்சம் கூடுதலாகக் காய்ச்ச வேண்டும். கரண்டியின் பின்பக்கம் தடவி விரலால் கோடு போட்டால் கோடு மூடாமல் நிற்கிற பதம் சரி.

பாகைக் கறி வெந்த பிறகு, தண்ணீர் வற்றியதும், கடைசி ஐந்து நிமிஷம்தான் ஊற்ற வேண்டும். முதலிலேயே ஊற்றினால் சர்க்கரை கருகிக் கசக்கும், கறி வேகாது. திருப்பித் திருப்பிப் போட்டால் கறி முழுக்கப் பாகு பிடித்துவிடும். கொழுப்பின் திகட்டலைப் புளிப்பு வெட்டும், புளிப்பின் கூர்மையை இனிப்பு மழுக்கும். குடகுக்காரருக்கும் ஆன்ட்டிக்கும் திண்ணனாருக்கும் தெரிந்த கணக்கு இவ்வளவுதான்.

வீட்டுக்காரம்மா ஒரு நிபந்தனை போட்டார். சமையல் மாடி வராந்தாவில், தனி அடுப்பில். சரி என்றேன். வாசனை எழும்பியதும் அவரே மேலே வந்து, கறியைத் தொடாமல், பாகில் மட்டும் விரலை வைத்துப் பார்த்தார். "புளி இஞ்சி மாதிரி இருக்குதுங்க" என்றார். தோசைக்குத் தொட்டுக்கொள்ளக் கொஞ்சம் எடுத்தும் வைத்துக்கொண்டார். நான் சாப்பிட்டு முடித்ததும் வாணலியைக் கழுவிக் கீழே கொண்டுவந்து, அடுக்களையில் மற்ற பாத்திரங்களோடு கவிழ்த்து வைத்தேன். அவர் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

மே மாதம் குன்னூர்ப் பக்கம் போகிறவர்கள், எனக்கும் இரண்டு கிலோ பிளம்ஸ் வாங்கி வாருங்கள். பாட்டில்கள் கழுவிக் காயவைத்துத் தயாராக இருக்கின்றன.